பெவன்சியில் சுவரைப் படிப்பது எப்படி

பிரிட்டனின் தென்கிழக்குக் கரையில் ரோமானியர் எழுப்பிய கடற்கோட்டைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு முதல் குழப்பம் கடலைப் பற்றியதுதான். ரெகல்வரில் பாதிக் கோட்டையை அலை அரித்துவிட்டது. வால்டனில் மொத்தமும் கடலுக்குள் போய்விட்டது. லிம் கோட்டையை அது நின்ற களிமண் சரிவே கீழே இழுத்துவிட்டதால், அதன் சுவர்கள் மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ரிச்பரோவிலும் பெவன்சியிலும் நடந்தது நேர்மாறு. அங்கே கடல்தான் கோட்டையை விட்டு விலகியது.

பெவன்சி சசெக்ஸ் கரையில் இருக்கிறது. ரோமானியர் வைத்த பெயர் அண்டெரிடம். அதன் வேர் அவர்களுக்கு முந்தைய கெல்டிய மொழியில் இருக்கிறது. பெரிய துறை, அதாவது நீரைக் கடக்கும் இடம் என்று பொருள். தமிழில் ‘பெருந்துறை’ என்றாலே போதும். இன்று கோட்டைச் சுவரிலிருந்து கடலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நடக்க வேண்டும். சுவர் எழுந்த காலத்தில் இது சதுப்புக்கும் அலைவாய்க்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேட்டுநிலம். மேற்கே குறுகிய ஒரு கழுத்து மட்டும் தரையோடு இணைந்திருந்தது. பின்னர் கூழாங்கல் திட்டுகள் கழிமுகத்தை அடைத்தன, மனிதர்கள் சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பார்த்தால் கோட்டையின் எந்த முடிவும் புரியாது. ஏன் வட்டமும் சதுரமும் இல்லாமல் நீள்வட்டமாக இருக்கிறது, ஏன் கொத்தளங்கள் ஒரே இடைவெளியில் இல்லை, பெரிய வாசல் ஏன் மேற்கில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த மேட்டுநிலத்தின் வடிவமே பதில்.

நீள்வட்டத்துக்கு உள்ளே இருக்கும் பரப்பு 3.65 ஹெக்டேர், ஒன்பது ஏக்கர். சுற்றுச்சுவர் ஏறத்தாழ 750 மீட்டர். பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. சில இடங்களில் உயரம் 8 மீட்டர், அடிப்பகுதியில் கனம் 4 மீட்டருக்கு மேல். உள்ளே போய்ப் பார்த்தால் புல்வெளி, ஒரு மூலையில் பல நூற்றாண்டு கழித்துப் பிரான்ஸ் கரையிலிருந்து வந்த நார்மானியர் கட்டிய அரண். ரோமானியர் காலத்துக் கட்டடம் எதுவும் தரைக்கு மேல் இல்லை. அதனால் பலர் ஏமாற்றத்தோடு நார்மானிய அரணுக்குப் போய்விடுகிறார்கள். பெவன்சியில் ரோமானியக் கோட்டை என்பது அந்தச் சுவர்தான். அதைக் கடைக்காலிலிருந்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும்.

கடைக்கால்

தரை நம்பகமான தரை அல்ல என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதலில் சுவரைவிடச் சற்று அகலமாகக் குழி தோண்டினார்கள். அதன் அடியில் குட்டையான ஓக் மரமுளைகளை நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். முளைகளுக்கு இடையிலும் மேலும் சிக்கிமுக்கிக் கல்லையும் வெண்சுண்ணக்கல்லையும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். அதற்கு மேல் ஓக் உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் படுக்கவைத்துச் சட்டம் அமைத்து, கண்களைக் கல்லாலும் சுண்ணக்கல்லாலும் நிரப்பினார்கள். சுவர் அந்தப் படுக்கையின் மேல்தான் எழுந்தது.

முளைக்கும் உத்தரத்துக்கும் வேலை வேறு. முளை அடிமண்ணை நெருக்கி இறுக்குகிறது. கிடைமட்டச் சட்டம், ஓரிடத்தில் மண் அமுங்கினால் அந்தச் சுமையைப் பக்கத்து மண்ணுக்குப் பகிர்கிறது. சாந்து கெட்டியாகும் வரையில் சுவரின் கால் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். கட்டும் பருவத்துக்கும் அடுத்த சில பத்தாண்டுகளுக்கும் அருமையான ஏற்பாடு.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. மரம் முழுநேரமும் நீருக்குள் இருந்தால் காற்று புகாது, பூஞ்சை வளராது, ஆயிரம் ஆண்டு ஆனாலும் மரம் மரமாகவே இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் அதே மரம் மட்கிப்போகும். மட்கிய உத்தரம் இருந்த இடத்தில் சுவருக்கு அடியில் வெறும் குழாய்போல ஒரு பொந்து மிஞ்சும். 4 மீட்டர் கனச் சுவர் தன் அடியில் ஓடும் பொந்துகளின் மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பொந்துகள் முதலில் நசுங்கினால் சுவர் அந்தப் பக்கம் சாயும். வடபுறத்தில் அப்படிச் சாய்ந்த சுவரின் பெருந்துண்டுகளைக் காணலாம். செங்கல் செங்கல்லாக உதிரவில்லை. ஒரு பாறை உருண்டதுபோல முழுத்துண்டாகச் சரிந்திருக்கிறது. சாந்து தோற்கவில்லை, கால்தான் தோற்றது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

விழுந்த துண்டுகளைத்தான் முதலில் பாருங்கள் என்று சொல்வேன். நிற்கும் சுவர் தன் முகத்தை மட்டுமே காட்டும். விழுந்த துண்டில் கனத்தின் குறுக்குவெட்டு முழுதும் கண்முன் இருக்கிறது: எந்தக் கல்லை எங்கே போட்டார்கள், சாந்து எவ்வளவு, செங்கல் எவ்வளவு ஆழம் போகிறது, எல்லாமே.

சுவர்

சுவர் மூன்று பாகம்: வெளி முகம், உள் முகம், நடுவே உள்நிரப்பு. முகத்துக்குச் சிறிதாகச் சதுரித்த பச்சை மணற்கல்லும் பழுப்பேறிய இரும்புக்கல்லும். உள்ளே சிக்கிமுக்கிக் கல், மணற்கல் உடைசல், தாராளமான சாந்து. முகத்தில் சில வரிகளுக்கு ஒருமுறை தட்டைச் செங்கல் அல்லது தட்டைக் கல் வரி ஒன்று கிடைமட்டமாக ஓடும். அலங்காரம் என்று பலர் நினைக்கும் இந்தப் பட்டைதான் வேலையின் முதுகெலும்பு.

கட்டும் முறையை நினைத்தால் காரணம் விளங்கும். கொத்தனார்கள் இரண்டு முகங்களையும் சில வரி உயர்த்துவார்கள். நடுவில் கல்லைக் கொட்டிச் சாந்தை ஊற்றிக் குத்துவார்கள். அந்த ஈரமான கனம் இரண்டு முகங்களையும் வெளியே தள்ளப் பார்க்கும். அவசரப்பட்டு இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால் முகம் வயிறு தள்ளிவிடும். தட்டை வரி மூன்று காரியம் செய்கிறது. முகத்தை உள்நிரப்போடு தைக்கிறது. ஒழுங்கற்ற கற்களால் மேடுபள்ளமாகிப்போன வேலையை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. இன்றைய வேலை இதோடு நிறுத்தம் என்று எல்லைக்கோடும் போட்டுக்கொடுக்கிறது.

சுண்ணாம்புச் சாந்து காய்வதும் இன்றைய சிமென்ட் இறுகுவதும் ஒன்றல்ல. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. முகத்தில் சில வாரங்களில் நடப்பது, 4 மீட்டர் கனத்தின் நடுவயிற்றில் பல்லாண்டுகள் எடுக்கும். செங்கல் தூளைச் சேர்த்தால், நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொன்ன அதே சரக்கு, காற்று எட்டாத இடத்திலும் கலவை இறுகும். ரோமானியக் கட்டட எழுத்தாளர் விட்ருவியஸ் தரும் அளவு: தோண்டியெடுத்த மணலானால் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு; ஆற்று மணலோ கடல் மணலோ ஆனால் இரண்டுக்கு ஒன்று, அதில் இடித்துச் சலித்த ஓட்டுத்தூளை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் இன்னும் நல்லது. கடல் மணலில் உப்பு பூத்துப் பூச்சு உதிரும் என்றும் எச்சரித்திருக்கிறார். கரையோரத்தில் கோட்டை கட்டுகிறவருக்கு இது சின்ன எச்சரிக்கை அல்ல, கையெட்டும் தூரத்தில் கிடக்கும் மணல் முழுவதுமே அந்த மணல்தான்.

சுண்ணாம்புக்கு வெண்சுண்ணக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். 100 கிலோ சுத்தமான கல் சுட்டால் 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி வாயுவாகப் போய்விடும். அதனால் சூளையைக் கல் கிடைக்கும் இடத்தில் வைத்தால் பாதிச் சுமை மிச்சம். ஆனால் சுட்ட சுண்ணாம்பை ஈரப் படகில் ஏற்றினால் அது வழியிலேயே நீர் குடித்துக் கொதித்துவிடும். கல்லாகவே கொண்டுவந்து வேலையிடத்தில் சுடுவதற்கும் அதனால் நியாயம் உண்டு.

இனி முகத்தைச் சற்று தள்ளி நின்று பாருங்கள். தட்டை வரிகள் சுவர் முழுக்க ஒரே உயரத்தில் ஓடவில்லை. ஒரு நீளத்தில் செங்கல் வரி, அடுத்த நீளத்தில் அதற்குப் பதில் கல் வரி. ஒரு இடத்தில் வரிகளின் உயரம் சட்டென்று மாறும், அங்கே மேலிருந்து கீழாக ஒரு மூட்டும் தெரியும். சுவரை நீளம் நீளமாகப் பிரித்து வெவ்வேறு குழுக்களிடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குக் கிடைத்த சரக்கை வைத்து, தன் வழக்கப்படி கட்டிக்கொண்டு வந்து பக்கத்துக் குழுவின் முனையில் முட்டவைத்திருக்கிறது. ஒரே மேஸ்திரியின் கீழ் ஒரே சீராக எழுந்த சுவரில் இது வராது. எனக்கு இந்த மூட்டுகள்தான் இக்கோட்டையின் மிக உயிருள்ள பகுதி. பெயரில்லாத ஒரு குழுவின் கை எங்கே முடிந்தது, அடுத்த குழுவின் கை எங்கே தொடங்கியது என்பதை 1,700 ஆண்டுகளுக்குப் பிறகும் விரல் வைத்துக் காட்டலாம். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது மூட்டு நிழலாகத் தெரியும், உச்சி வெயிலில் மறைந்துவிடும்.

எவ்வளவு சரக்கு என்று மோட்டாவாகக் கணக்குப் போடலாம். 750 மீட்டர் நீளம், 4 மீட்டர் கனம், 8 மீட்டர் உயரம் என்றால் 24,000 கன மீட்டர். கொத்தளங்களும் கடைக்காலும் இதற்கு மேல். இந்தக் கரைக்கோட்டைகளின் கட்டுமானத்தை ஆராய்ந்த ஆண்ட்ரூ பியர்சன் கல்லும் சாந்துமாக 31,600 கன மீட்டர் என்றும், வேலை 1,60,000 ஆள்நாள் என்றும் மதிப்பிட்டார். ஆண்டுக்கு 280 நாள் வேலை என்று வைத்தால் 285 பேருக்கு இரண்டு ஆண்டு, 115 பேருக்கு ஐந்து ஆண்டு. கன மீட்டருக்கு இரண்டு டன் என்று கொண்டால் எடை 60,000 டன்னைத் தாண்டும். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் பிளாக்ஃபிரையர்ஸ் என்னுமிடத்தில் 1962இல் கண்டெடுத்த ரோமானியர் காலப் படகு மூழ்கியபோது அதில் 26 டன் கட்டடக் கல் இருந்தது. அந்த அளவுச் சுமையில் எல்லாவற்றையும் நீர்வழியே கொண்டுவந்திருந்தால் 2,300 நடைக்கு மேல். மாட்டுவண்டியில் ஏற்றியிருந்தால் எத்தனை வண்டி, எத்தனை எருது, எவ்வளவு தீவனம் என்று நினைக்கவே மலைப்பாக இருக்கிறது. கோட்டை கரையில் எழுந்ததற்குக் காவல் மட்டுமா காரணம்? கரையில் இல்லாவிட்டால் இந்தக் கனத்தில் கட்டியிருக்கவே முடியாது.

கொத்தளமும் வாசலும்

இந்தக் கரைக்கோட்டைகளில் இரண்டு தலைமுறை உண்டு. ரெகல்வர், பிரான்காஸ்டர் போன்ற முந்தையவை பழைய படைமுகாம் அச்சில் வந்தவை: சதுரம், மழுங்கிய மூலை, மெல்லிய சுவர், அதற்கு முட்டுக்கொடுக்கப் பின்னால் மண்மேடு, வெளியே துருத்தும் கொத்தளம் கிடையாது. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தவை வேறு இனம். சுவர் கனத்து, பின்னால் முட்டு இல்லாமல் தனியே நிற்கும். கொத்தளங்கள் வெளியே துருத்தும். பழைய கோட்டையில் வீரர்கள் வாசலைத் திறந்து வெளியே போய்ச் சண்டையிடுவார்கள், கோட்டை படுக்கும் இடம் மட்டும். புதியதில் கோட்டைக்குள்ளிருந்தே சண்டை. துருத்திய கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் அம்பும் கல்லும் விட்டால் சுவரடியில் ஒளிந்து நிற்பவனுக்கு மறைவிடமே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கோட்டையும் இருக்கிறது. நார்ஃபோக்கில் உள்ள பரோ காசிலில் கொத்தளத்தின் கீழ்ப்பாதி சுவரோடு கோக்கப்படாமல் சும்மா ஒட்டி நிற்கும், மேல்பாதி சுவரோடு பின்னியிருக்கும். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்த பிறகு நடுவழியில் திட்டம் மாறிவிட்டது. பெவன்சியில் அந்தத் தடுமாற்றம் இல்லை. கொத்தளமும் சுவரும் தொடக்கத்திலிருந்தே ஒரே உடம்பு.

பெவன்சிக் கொத்தளங்கள் ஆங்கிலத்து ‘டி’ எழுத்தைக் குப்புறப் போட்டதுபோல் முன்பக்கம் வளைந்தவை, விட்டம் 5 மீட்டர் அளவு. தரைவழி வரும் மேற்கில் நெருக்கம், சதுப்பு காவல் காத்த பக்கத்தில் அகற்சி. மேற்கு வாசல் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவில் உள்வாங்கி அமைந்தது. உள்ளே இரண்டு காவலறைகள் இருந்தன. வாசலுக்கு முன்னால் மேட்டுநிலத்தின் கழுத்தில் குறுக்காக அகழி. வாசலை நெருங்குபவன் அகழியில் நடை தடுமாறி, பிறகு இரண்டு கொத்தளங்களின் பார்வைக்குள் நுழைய வேண்டும். எதிர்க்கோடியில் கிழக்கு வாசல், அமைப்பில் எளிமையானது. வடக்குச் சுவரில் ஒரு திட்டிவாசல் உண்டு. அதன் வழி நேராகப் போகாமல் சுவரின் கனத்துக்குள் வளைந்து போகும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு உள்ளே தெரியாது, இடிமரத்தை ஓட்டிக்கொண்டு வரவும் முடியாது.

உட்புறத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1906 முதல் 1908 வரை வரலாற்றாசிரியர் சால்ஸ்மன் தோண்டியபோது அடுப்புத் தடங்களும் ஆங்காங்கே குடியிருப்பின் மிச்சமும் கிடைத்தன. கல் கட்டடங்கள் வரிசையாக நின்ற அடையாளம் இல்லை. குடியிருப்பு மரத்தாலானதாக இருந்திருக்க வேண்டும். அதன் மேல் பின்னர் வந்தவர்கள் பல நூற்றாண்டுகள் குழி பறித்திருக்கிறார்கள். போர்ட்செஸ்டர் கோட்டையில் 1961 முதல் பாரி கன்லிஃப் நடத்திய நிதானமான அகழாய்வில் குழந்தைகளின் புதைகுழிகளும் பெண்களின் அணிகலன்களும் வெளிப்பட்டன. இந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் படைவீரர்கள் மட்டுமல்ல, குடும்பங்களும்தான். பெவன்சியின் உட்புறத்திலும் அத்தகைய அகழாய்வு பெரிய பரப்பில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது கட்டியது?

இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் மாறி மாறி வந்தன. மூன்றும் மூன்று வகைச் சான்றிலிருந்து வந்தவை. எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் வந்தது செங்கல். சார்ல்ஸ் டாசன் என்ற வழக்கறிஞர், பழம்பொருள் ஆர்வலர், பெவன்சியில் கிடைத்ததாக முத்திரையிட்ட செங்கற்களை 1907இல் லண்டனில் தொல்பொருள் அறிஞர்கள் முன்னிலையில் காட்டினார். ‘ஹோன் அவுக் அண்ட்ரியா’ என்று எழுத்து. ஹொனோரியஸ் என்ற பேரரசரின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே முத்திரையில்! 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டையைச் செப்பனிட்டார்கள் என்பதற்கு எழுத்துமூலச் சான்று என்று நூல்கள் ஏற்றுக்கொண்டன. 1973இல் அந்தச் செங்கற்களை வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். செங்கல் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை அதில் சேர்ந்த கதிரியக்க ஆற்றலைக்கொண்டு அளக்கும் முறை அது. டாசன் காலத்தில்தான் அவை சுடப்பட்டவை என்று தெரிந்தது. மனிதனின் மூதாதையுடையது என்று சொல்லி 1912இல் பில்ட்டவுன் மண்டையோட்டை ‘கண்டுபிடித்த’ அதே டாசன். அந்த மோசடி 1953இல் அம்பலமாயிற்று. செங்கல்லுக்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. பேரரசர், ஊர், காலம் மூன்றையும் ஒருசேரக் கையில் கொடுத்த சான்று என்பதாலேயே அதை முதல் நாளே சந்தேகித்திருக்க வேண்டும்.

அடுத்தது நாணயம். 1930களின் அகழாய்வில் ஒரு கொத்தளத்தின் அடியில் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்து நாணயம் ஒன்று கிடைத்தது, 330களில் அச்சிட்டது. ஆகவே கோட்டை அதற்குப் பிறகு, 340 வாக்கில் எழுந்தது என்று முடிவு கட்டினார்கள். நாணயம் பொய் அல்ல. ஆனால் ஒரு கொத்தளத்தின் கீழ் கிடைத்தது அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசும். கால் அமுங்கிய கொத்தளத்தைத் தோண்டிச் செப்பனிட்டபோது விழுந்திருக்கலாம், மட்கிய மரத்தின் பொந்து வழியே உள்ளே போயிருக்கலாம். அடியில் பொந்து உள்ள சுவரில் ஒற்றை நாணயத்தை நம்பி முழுக் கோட்டையையும் நிறுத்தியதுதான் தவறு.

மூன்றாவது மரம். 1994இல் மைக்கேல் ஃபுல்ஃபோர்டு தலைமையில் ரெடிங் பல்கலைக்கழகத்தார் கடைக்காலைத் தோண்டியபோது நீருக்குள் இருந்ததால் மட்காத ஓக் முளைகள் அகப்பட்டன. ஆண்டு வளையங்களை எண்ணி, நாள் தெரிந்த மரங்களின் வளைய வரிசையோடு பொருத்தினார்கள். மரத்தின் வைரத்தைச் சுற்றி வெள்ளை என்று தச்சர்கள் சொல்லும் மென்பகுதி இருக்கும். பட்டைவரை முழுதாகக் கிடைத்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். வெள்ளை அரைகுறையாக இருந்தால், இங்கிலாந்து ஓக்கில் அது பொதுவாக 10 முதல் 46 வளையங்கள் என்ற கணக்கில் ஒரு கால எல்லைதான் கிடைக்கும். பெவன்சி முளைகளுக்குக் கிடைத்த எல்லை 280 முதல் 300 வரை. ஓக்கை ரோமானியர் உலரவைத்து வைத்திருப்பதில்லை. பச்சையாக இருக்கும்போதுதான் கோடாலிக்கு இளகும், காய்ந்தால் இரும்புபோல் ஆகிவிடும். எனவே வெட்டியதும் நட்டதும் ஏறக்குறைய ஒரே காலம். கடைக்காலில் அக்காலத்தில் பிரிட்டனைத் தனியாக ஆண்ட காரவ்சியஸ், அலெக்டஸ் இருவரின் நாணயங்களும் சேர்ந்துகொண்டன. 293ஐ ஒட்டிய ஆண்டுகள் என்பது இப்போதைய முடிவு.

இந்தத் தேதி கோட்டையின் பொருளையே மாற்றிவிட்டது. காரவ்சியஸ் ஆங்கிலக் கால்வாயில் இருந்த ரோமானியக் கடற்படையின் தளபதி. 286இல் ரோமை எதிர்த்துக்கொண்டு பிரிட்டனுக்குத் தானே பேரரசர் என்று அறிவித்தார். 293இல் பிரான்ஸ் கரையில் இருந்த பூலோன் துறைமுகத்தை ரோமின் கான்ஸ்டான்டியஸ் மீட்டார். அதே ஆண்டு காரவ்சியஸைக் கொன்று அவருடைய நிதி அதிகாரி அலெக்டஸ் இடத்தைப் பிடித்தார். 296இல் ரோமானியப் படை மூடுபனியில் கரையிறங்கி அலெக்டஸை முடித்தது. கோட்டை எழுந்தது இந்தப் பத்தாண்டில்தான் விழுகிறது. இந்தக் கோட்டைகளுக்கு வழங்கும் ‘சாக்சன் கரை’ என்ற பெயரை வைத்து, ஜெர்மானியக் கடற்கொள்ளையரைத் தடுக்க எழுந்தது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்தப் பெயர் இருப்பது சுமார் 400ஆம் ஆண்டின் அலுவல் பட்டியல் ஒன்றில், கோட்டை கட்டி நூறு ஆண்டுக்குப் பிறகு. பெவன்சியில் அபுல்கி என்ற படைப்பிரிவு இருந்ததாகவும் அதே பட்டியல் சொல்கிறது. கட்டியபோது பயந்தது யாரை? பூலோன் கைவிட்டுப்போன பிறகு எதிர்க்கரையில் திரண்டுகொண்டிருந்த ரோமின் கடற்படையை என்றே நான் நினைக்கிறேன். குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்த சுவர், கிடைத்ததைப் போட்டுக் கட்டிய வரிகள், முட்டவைத்த மூட்டுகள் எல்லாமே அவசரம் இருந்ததாகத்தான் சொல்கின்றன.

அதற்குப் பின்

491இல் எல்லே, சிஸ்ஸா என்ற சாக்சன் தலைவர்கள் கோட்டையை முற்றுகையிட்டு உள்ளிருந்த ஒருவரையும் விடாமல் கொன்றார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு ஒரு வரியில் எழுதிச் செல்கிறது. 1066 செப்டம்பர் 28 அன்று நார்மண்டியின் வில்லியம் இந்தக் கரையில்தான் இறங்கினார். தாய் ஒன்று, தந்தை வேறான அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்குக் கோட்டை போயிற்று. ரோமானியச் சுற்றையே வெளிமதிலாக வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உள்ளரண் எழுந்தது. 1088, 1147, 1264, 1399 என்று நான்கு முற்றுகைகள். முதல் இரண்டில் பட்டினி கோட்டையைத் திறந்தது. நான்கில் ஒன்றிலும் சுவரைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை.

இன்று சுவரின் எதிரி மழையும் பனியும்தான். உச்சியின் மூடுகல் போன பிறகு நீர் நேராக உள்நிரப்புக்குள் இறங்குகிறது. குளிரில் உறைந்து விரியும்போது முகத்தைத் தள்ளுகிறது. பழைய காலப் பராமரிப்பில் சாந்து உதிர்ந்த மூட்டுகளைச் சிமென்டால் அடைக்கும் பழக்கம் எங்கும் இருந்தது. அதனால் ரோமானியச் சுவர்களுக்கு நேர்ந்த கேடு அதிகம். சிமென்ட் நீரை வெளியே விடாது. ஈரம் மூட்டு வழியே போக முடியாமல் மென்மையான மணற்கல் வழியே வெளியேறும். உப்பும் பனியும் சேர்ந்து கல்லின் முகத்தைப் பொருக்குப் பொருக்காக உரித்துவிடும். கல் உள்ளே குழிந்து, சிமென்ட் மூட்டு மட்டும் வெளியே துருத்தி நிற்கும் சுவரைக் கண்டால் இதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சரியான வழி, கல்லைவிட மெலிந்த சுண்ணாம்புக் கலவை: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு நறநறப்பான மணல். மூட்டை ஆழமாகச் சுரண்டி, நனைத்து, அடுக்கடுக்காக அழுத்திக் கட்ட வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி மெதுவாகக் காயவிட வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே கூடாது. உச்சிக்குக் கல் மூடியைவிட மண்ணும் புல்லும் போர்த்துவது பல இடங்களில் நன்றாக உழைக்கிறது. புல் மழையை உறிஞ்சி வெயிலில் திருப்பிக் கொடுக்கும், உறைபனியையும் மட்டுப்படுத்தும். செடிகளில் ஐவிக்கொடி தனி வகை. வெறும் முகத்தில் படர்ந்தது தாங்கும், மூட்டுக்குள் வேர்விட்டதோ ஆண்டுக்கு ஆண்டு பருத்துக் கல்லை நெம்பும். அதைப் பிடித்து இழுத்தால் கல்லோடு வரும். அடியில் அறுத்துவிட்டு, காய்ந்த பிறகே எடுக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பெவன்சி அண்டு வெஸ்ட்ஹாம் ரயில் நிலையம் நடக்கும் தூரம். வெஸ்ட்ஹாம் பக்கமிருந்து மேற்கு வாசல் வழியாக நுழையுங்கள், ரோமானியர் காலத்தில் தரைவழி வந்தவன் கண்ட காட்சி அதுதான். ரோமானியச் சுற்றுக்குள் நடக்கச் சீட்டு வேண்டாம், உள்ளரணுக்குத்தான் வேண்டும். உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதை இங்கே பயன்படுத்துவது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு நாணயத்தை அது கிடந்த பொந்திலிருந்து பிடுங்கிவிட்டால் மேலே சொன்ன வாதங்களில் ஒன்றைக்கூட நடத்த முடியாது.

சுவரின் தலைப்பகுதியைப் பார்க்கும்போது கிடைமட்டமான குறுகிய பிளவு எங்காவது தென்பட்டால் நின்று கவனியுங்கள். 1940இல் ஜெர்மானியர் இந்தக் கரையில் இறங்குவார்கள் என்று எதிர்பார்த்து, இடிபாடுகளுக்குள் இயந்திரத் துப்பாக்கி மேடைகளைக் கட்டினார்கள். வானிலிருந்தும் தரையிலிருந்தும் அடையாளம் தெரியாதபடி பழைய கல்லாலேயே முகம் வைத்தார்கள். மேற்கு வாசலின் வாயில் டாங்கிகளைத் தடுக்கக் கட்டிய அறை பின்னர் அகற்றப்பட்டது. மற்றவற்றை 1945க்குப் பிறகும் கோட்டையின் வரலாற்றில் சேர்ந்த ஒரு பகுதியாகவே விட்டுவைத்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மூட்டில் இருப்பது சுண்ணாம்பு அல்ல, சாம்பல் நிறச் சிமென்ட்.